யார் விரலுக்கு அளவெடுத்த கருவி?

மலையகத்து உழைப்பாளிக்குத் தராசைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தராசின் எதிரே நின்று பழகியவர்கள் நம் மக்கள். மடுவத்தில் கூடை இறங்கும், முள் அசையும், கணக்கப்பிள்ளையின் பென்சிலும் உடன் அசையும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழிவுகள் போகும். கழிவு போக எஞ்சி நிற்பதே அவள் பறித்த கொழுந்தின் எடை. அந்த எடை குறைந்தால் முழுநாள் உழைப்பும் அரைப்பேராகும். முள் பொய் சொல்லாது என்பார் துரை. முள்ளை அமைத்தவன் யார், கழிவை வகுத்தவன் யார் என்று திருப்பிக் கேட்கத் துணிந்தவர்களாலேதான் தோட்டங்களில் தொழிற்சங்கம் பிறந்தது.

தராசு தானாகப் பேசுவதில்லை. எவன் கட்டினானோ, எந்தப் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தானோ, அவனுடைய தீர்ப்பையே அது சொல்லுகிறது. இந்த உண்மையைக் கொழுந்துத் தராசிலே கற்றுக்கொண்ட மக்கள் இன்று வேறொரு தராசின் எதிரே நிற்கிறார்கள். முன்னது இலையை நிறுத்தது; இது உயிரை நிறுக்கிறது. விரலில் கவ்வி ஒட்சிசனை அளக்கும் சிறு கருவி, புயத்தில் பட்டை சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் பொறி, குருதித் துளியிலிருந்து சிறுநீரகத்தின் வலிமையைக் கணக்கிடும் சூத்திரம் என்னும் இம்மூன்றுமே இன்று நோயாளி எவர், வீடு திரும்பத்தக்கவர் எவர் என்று தீர்ப்பு வழங்குகின்றன. இவற்றின் படிக்கல் யாருடைய உடல்? நாம் கேட்கும் கேள்வி இது ஒன்றே.

இரண்டு மணிக்கட்டுகள்

எல்லவுக்குப் புகைவண்டியில் வந்து இறங்கும் உல்லாசப் பயணியைப் பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது நடக்கும் அவருடைய மணிக்கட்டிலே ஒரு கடிகாரம். அது நேரத்தை மட்டுமா காட்டுகிறது? இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம், இரவில் எவ்வளவு உறங்கினார் என்பன அனைத்தையும் காட்டுகிறது. அந்தப் பாலத்தைச் சூழ்ந்த சரிவிலே, காலை முதல் குளிரிலும் மழையிலும் நிரை பிடித்துக் கொழுந்து கொய்கிறாள் நம் சகோதரி. அவளுடைய மணிக்கட்டைக் கடைசியாகப் பிடித்து நாடி பார்த்தவர் யார்? பிள்ளைப்பேற்றின்போது கிளினிக்கில் பார்த்ததாக இருக்கலாம். அதற்குப் பின் அவள் விழுந்தால்தான் பார்ப்பார்கள்.

பயணியின் மீது நமக்குப் பொறாமை இல்லை. அவர் சுகமாக வாழட்டும். நாம் சுட்டிக்காட்டுவது அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் நிற்கும் விஞ்ஞானத்தை. உடலின் துடிப்பையும் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் கருவியாற் படித்து, படித்ததைச் சிகிச்சைக்கு வழிகாட்டியாக்கும் கல்விக்கு உயிர்மருத்துவப் பொறியியல் என்று பெயர். வைத்தியமும் பொறியியலும் மணம்புரிந்து பெற்ற பிள்ளை அது. செயற்கை இதய வால்வும், இரத்தச் சுத்திகரிப்புப் பொறியும், இதயத்தின் மின்துடிப்பை வரையும் கருவியும் அதன் கொடைகள். அக்கல்வி யாருடைய உடலைப் படித்து வளர்ந்தது என்பதே அரசியல். அந்த அரசியலைப் பேசாமல் விஞ்ஞானத்தை வாழ்த்துவோர் தராசை வாழ்த்திவிட்டுப் படிக்கல்லை மறைப்பவர்கள்.

அந்த எண் பிறக்கும் இடம்

விரற்கருவியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1974 ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி இதன் தத்துவத்தை உலகுக்கு அளித்தார். கருவியின் ஒரு பக்கத்தில் இரு சிறு விளக்குகள். ஒன்று சிவப்பொளி, ஏறத்தாழ 660 நானோமீற்றர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளி, ஏறத்தாழ 940 நானோமீற்றர். ஒட்சிசனைச் சுமந்த குருதி அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஒட்சிசனை இழந்த குருதி சிவப்பை அதிகம் விழுங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் விரலுக்குள் புதுக் குருதி பாயும்போது இரண்டு ஒளியும் எவ்வளவு குறைகின்றன என்று மறுபக்கத்து உணரி பார்க்கிறது. அவற்றின் விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது. இவ்வளவும் பௌதிகம், இதில் நமக்கு வழக்கு இல்லை.

அந்த விகிதம் 98 என்றோ 91 என்றோ எப்படி மாறுகிறது? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சுகதேகிகளான சிலரை ஆய்வுகூடத்துக்கு அழைத்து, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசனைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அதே வேளையில் நாடியிலிருந்து குருதி எடுத்து மெய்யான அளவைச் சோதிக்கிறார்கள். இந்த விகிதம் காட்டியபோது இந்த அளவு இருந்தது என்று அட்டவணை எழுதுகிறார்கள். அந்த அட்டவணையே கருவிக்குள் பதிந்து கிடக்கிறது. ஆகவே பதுளையில் ஒருத்தியின் விரலில் கருவி 95 என்று காட்டும்போது அது அவளுடைய குருதியை நேரே கண்டு சொல்வதில்லை. கடல் கடந்த ஓர் ஆய்வுகூடத்தில் இருந்த சிலரின் உடலோடு அவளை ஒப்பிட்டு ஊகிக்கிறது.

அந்தச் சிலர் யார்? அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2013 இல் விதித்த நியமத்தைப் பாருங்கள். பத்துப் பேரிடம் சோதித்தாற் போதும். அவர்களுள் கருந்தோலர் இருவரேனும், அல்லது நூற்றுக்குப் பதினைந்து பேரேனும், எது கூடுதலோ அது இருக்க வேண்டும். பத்துப் பேரில் இருவர்! உலகத்தின் பெரும்பகுதி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனம் இரண்டு! சட்டசபையில் இப்படிப் பிரதிநிதித்துவம் தந்தால் வீதிக்கு இறங்கமாட்டோமா? உடலின் சபையில் இப்படித் தந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முப்பது ஆண்டு உறக்கம்

தோலின் கருநிறம் ஒளியை விழுங்கும். அதனாற் கருந்தோலில் இக்கருவி உள்ளதைவிட உயர்த்திக் காட்டக்கூடும். இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அன்று. 1990 ஆம் ஆண்டிலேயே செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர்கள் இந்தப் பிழையைக் கண்டு எழுதினார்கள். எழுதியது எழுதியபடியே கிடந்தது. கருவிகள் கோடிக்கணக்கில் விற்றன.

பின்னர் கொரோனா வந்தது. வைத்தியசாலைக் கட்டிலுக்கு யார், வீட்டுக்கு யார் என்பதை விரற்கருவியின் எண்ணே தீர்மானித்தது. அந்த வேளையில், 2020 டிசம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் கணக்கை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி ஆறுதல் சொன்ன நோயாளிகளுள், நாடிக் குருதியைச் சோதித்தபோது 88 வீதத்துக்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையருள் 3.6 வீதத்தினர், கறுப்பருள் 11.7 வீதத்தினர். மூன்று மடங்கு! 2022 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நடந்த ஆய்வு, ஆசிய வம்சாவளியினரிடமும் கருவி வெள்ளையரிடத்திலும் பார்க்க அதிகமாக உயர்த்திக் காட்டியது என்று கண்டது. 2025 ஜனவரியில்தான் அமெரிக்க நிருவாகம் விழித்துக்கொண்டது. பத்துப் பேர் போதாது, 150 பேருக்குக் குறையாமல், பல நிறத்தாரிடமும் சோதியுங்கள் என்று வரைவு நியமம் எழுதியது. 1990 இல் கேட்ட குரலுக்கு 2025 இல் மறுமொழி!

அங்கே ஒரு வெள்ளை நாட்டில், உரிமைக்குப் போராடிப் பழகிய கறுப்பின மக்கள் வாழும் நாட்டில், இவ்வளவு தாமதம் என்றால், ஊவாவின் லயத்துக் காம்பராவில் கிடக்கும் நோயாளிக்காக யார் விழிப்பார்கள்? கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த விரல் நுனி. காய்ப்பேறித் தடித்த தோல். ஹப்புத்தளைப் பனியிலும் எல்லவின் காற்றிலும் விறைத்து நாளம் சுருங்கிய கை. குளிர்ந்த விரலிற் குருதியோட்டம் குன்றினால் கருவி தடுமாறும் என்பது அதைச் செய்தவர்களே ஒப்பும் உண்மை. இத்தனையும் கூடிய விரலைப் படிக்கல்லாக வைத்து எந்தக் கருவியும் செய்யப்பட்டதில்லை.

கூடை நிறைவும் கூடைக் கணக்கும்

சரியாகக் காட்டும் கருவியும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இரத்தச் சோகை கொண்ட பெண்ணின் விரலில் 98 என்று எண் ஒளிரும். பார்ப்பவர் திருப்தியடைவார். அந்த எண் சொல்வது என்ன? இருக்கிற ஈமோகுளோபின் ஒட்சிசனால் நிறைந்திருக்கிறது என்பதே. எவ்வளவு ஈமோகுளோபின் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஒவ்வொரு கூடையும் நிறைந்திருக்கிறது, உண்மைதான். வந்த கூடைகளோ பாதி! பாதிக் கூடை வந்த நாளில் எடை சரி என்று எந்தத் தோட்டத்துரையாவது கையெழுத்திடுவாரா? இலைக்கு ஒப்பாத கணக்கை அவளுடைய குருதிக்கு மட்டும் எப்படி ஒப்புவது?

பசியும் சோகையும் தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக வேரோடியுள்ளன என்பதற்கு அரசாங்கத்தின் கணக்கே சாட்சி. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற வளர்த்தி இன்றிக் குறுகியவர்கள் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். குறுகி வளர்ந்த குழந்தைதான் பின்னர் மெலிந்த புயமுள்ள தாயாகிறாள். மெலிந்த புயத்துக்கும் நம் இரண்டாவது கருவிக்கும் உள்ள உறவைக் கேளுங்கள்.

புயமும் பட்டையும்

பிறஷர் பார்க்கும் பட்டையில் அளவு உண்டு. சுற்றளவு 27 முதல் 34 சென்ரிமீற்றர் வரையுள்ள புயத்துக்கு நடுத்தரப் பட்டை. 22 முதல் 26 வரை சிறு பட்டை. மெல்லிய புயத்தில் பெரிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். 2023 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். சிறு பட்டை தேவைப்பட்டவர்களுக்கு நடுத்தரப் பட்டையைக் கட்டியபோது மேலழுத்தம் சராசரி 3.6 மில்லிமீற்றர் குறைவாக வந்தது.

மூன்றரை மில்லிமீற்றர் ஒரு பெரிதா என்று படித்தவர்கள் சிலர் சிரிக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு 140 என்பது எல்லைக்கோடு. கோட்டுக்கு அப்பால் என்றால் வலிப்பு நோயின் அபாயம் என்று வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இப்பால் என்றால் அடுத்த மாதம் வா என்று திருப்பியனுப்புவார்கள். 142 உள்ளவளை 138 என்று காட்டும் பட்டை அவளை வீட்டுக்கு அனுப்புகிறது. வீடு எங்கே இருக்கிறது? மலையின் உச்சித் துண்டில், லொறி ஏறாத பாதையின் முடிவில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, தோட்டங்கள் தனித்தீவுகளாயின. அந்த நாட்களிற் பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை, பெரிய டாக்டரும் இல்லை. தோட்ட மருந்தகத்திலிருந்த கருவிதான் நீதிபதி. அந்த நீதிபதி பொய் சொன்னால் மேன்முறையீடு எங்கே?

உழவனின் சிறுநீரகம்

தோட்டத்தை விட்டுக் கீழே இறங்குவோம். அதே பதுளை மாவட்டத்தின் வடகோடியில், மகாவலி வயல்களின் நடுவே இருக்கிறது கிராந்துருகோட்டை. காரணம் உறுதியாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோய் உழவர்களை வாட்டும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள உழவர் பெரும்பாலும் சிங்களவர். வெயிலிற் கறுத்த அவர்களுடைய தோலுக்கும், எலும்பெடுத்த அவர்களுடைய புயத்துக்கும் இனம் இல்லை. நாம் இங்கே பேசுவது தமிழனுக்கு மட்டும் உரிய வழக்கு அன்று. உழைத்து மெலிந்த உடல் அனைத்துக்கும் உரிய வழக்கு.

சிறுநீரகத்தின் வலிமையைக் கிரியேற்றினின் என்னும் பொருளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அது தசையிலிருந்து பிறப்பது. தசை குறைந்தவனிடம் அதுவும் குறைவு. ஆகவே மெலிந்த உழவனின் சிறுநீரகம் பாழ்பட்டிருந்தாலும் கணக்கில் நலமாகத் தோன்றக்கூடும். கணக்கிடும் சூத்திரமோ அமெரிக்கத் தரவில் உருவானது. 2009 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 16 வீதம் உயர்த்து என்று ஒரு பெருக்கல் இருந்தது. நோயுற்ற சிறுநீரகத்தை நலமானதாகக் காட்டிய அந்தப் பெருக்கலினால், கறுப்பின நோயாளிகள் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் ஏறுவது தாமதமாகும் என்று பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. 2021 இல் அதனை நீக்கினார்கள். சூத்திரம் என்றால் மாறாத வேதம் என்று நினைப்போர் இதைக் கருத்தூன்றிப் பார்க்கட்டும். மனிதர் எழுதியது, மனிதர் கேட்டபோது மாறியது.

இலைக்கு நூறாண்டு

இந்நாட்டில் ஆராய்ச்சிக்கு இடமில்லை, பணமில்லை என்று சொல்வோரை நாம் நேருக்கு நேர் நோக்கிக் கேட்கிறோம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தோன்றியது. தலவாக்கலையில் தலைமையகம், நம் ஊவாவில், பசறையிற் கிளை. இலையின் நோய் என்ன, வேரில் புழு என்ன, மண்ணில் உப்பு என்ன, வாட்டும்போது ஈரம் எவ்வளவு என்று நூறாண்டாக அளந்து வருகிறார்கள். அளக்கட்டும், அது நாட்டின் செல்வம். 2005 இல் பதுளையில் எழுந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பே உண்டு. இதுவும் நன்றே. இலைக்கு நூறாண்டு ஆராய்ச்சி; இலையைக் கொய்த கைக்கு?

கைக்கும் ஒருகாலத்தில் ஆராய்ச்சி நடந்தது. 1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1916 இல் ரொக்பெல்லர் நிதியத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பை இலங்கையின் தோட்டங்களிலே தொடங்கினார்கள். வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள்; மருந்து கொடுத்தார்கள். பலருக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுக்கமாட்டோம். அந்தத் திட்டத்துக்குத் தோட்டக்காரர் கதவு திறந்ததன் காரணம் என்ன? சோகை தீர்ந்த கூலி அதிகம் கொய்வான் என்ற கணக்கு! அன்று அளக்கப்பட்டது உடல்; எழுதப்பட்டது இலாபம். உழைப்பைக் கூட்டுவதற்கு அளக்கத் தெரிந்தவர்களுக்கு, உயிரைக் காப்பதற்கு அளக்க மட்டும் தெரியவில்லையா?

பின்னர் 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 இல் இரு அரசுகள் மக்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. 2003 இல்தான் எஞ்சியிருந்த நாடற்றோர் நிலையை முடிக்கும் சட்டம் வந்தது. இத்தனை கைமாற்றத்திலும் தோட்டத்து மருத்துவம் நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு வெளியே வாசற்படியில் நின்றது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஏற்றது; பல இன்னும் தோட்ட நிருவாகத்தின் கையில். நாட்டின் கணக்கிலேயே முழுதும் சேராதவன், உலகத்துக் கருவியின் கணக்கில் எப்படிச் சேர்வான்?

மறுப்போருக்கு மறுமொழி

சோறே இல்லாதவனுக்குக் கருவி ஆராய்ச்சி எதற்கு என்பார் சிலர். சோறு வேண்டும், கூலி வேண்டும், காணியும் வீடும் வேண்டும். இவற்றில் ஒன்றையும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நோயைக் குறைத்துக் காட்டும் கருவி, பசியையும் குறைத்துக் காட்டும் சாட்சி என்பதை மறவாதீர்கள். சோகை எழுதப்படாத இடத்தில் சோற்றுக்கான வழக்கு எப்படி நிற்கும்?

இவையெல்லாம் செல்வ நாடுகளின் வேலை என்பார் வேறு சிலர். அவர்கள் திருவனந்தபுரத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள சித்திரைத் திருநாள் நிலையத்தில் வைத்தியர் வலியத்தானின் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்ய முனைந்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. மனந்தளரவில்லை. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதல் நோயாளியின் இதயத்திற் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை வாங்க வழியற்ற ஏழைகளுக்காகச் செய்த அந்த வால்வு இன்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரின் நெஞ்சிலே திறந்து மூடுகிறது. யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். சப்பணமிட்டு உட்காரவும் வயலில் இறங்கவும் தக்கதாக இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர்க் காலை, 1987 முதல் நம் மண்ணிலேயே செய்து கொடுக்கிறார்கள். சப்பணமிட்டு உட்காரும் மனிதனை அளவாக வைத்துக் கால் செய்ய முடியுமென்றால், கொழுந்து கொய்யும் விரலை அளவாக வைத்துக் கருவியைச் சரிபார்க்க முடியாதா?

நன்கொடையாகப் பொறிகள் வருகின்றனவே என்பார் மூன்றாம் வகையினர். வருகின்றன. மாலையும் புகைப்படமும் முடிந்தபின் அவற்றின் கதி என்ன? சில நாடுகளில் நன்கொடைக் கருவிகளுள் 10 முதல் 30 வீதமே இயங்கும் நிலைக்கு வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. உதிரிப்பாகம் இல்லை, பழுது பார்ப்பவர் இல்லை, மொழி புரியும் கையேடு இல்லை. உறையோடு உறங்கும் பொறி உயிர் காப்பதில்லை.

நாம் கேட்பவை

வானத்து நிலவைக் கேட்கவில்லை. ஐந்து காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒரு கணக்குப் புத்தகம். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாடிக் குருதியை நாள்தோறும் சோதிக்கிறார்கள். அதே நிமிடத்தில் விரற்கருவி காட்டும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும், உயிர்மருத்துவப் பொறியியலைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் கூடி அந்த இரண்டு நிரல்களையும் ஒப்பிடட்டும். புதுக் கட்டிடம் வேண்டாம். புதுப் பொறி வேண்டாம். நம் மக்களின் தோலில், நம் மலைக் குளிரில் இந்தக் கருவி எவ்வளவு பிழைக்கிறது என்பது நமக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிறு பட்டை. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும், ஒவ்வொரு தாய்மார் கிளினிக்கிலும், மருத்துவமாதின் பையிலும் மெலிந்த புயத்துக்குரிய பட்டை இருக்க வேண்டும். புயத்தை அளக்க ஒரு நாடா, சுற்ற ஒரு பட்டை. இதற்கும் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதி வேண்டுமா?

மூன்றாவது, முத்திரை. கடைக்காரனின் தராசுக்கு அரசாங்க முத்திரை இல்லையேல் சட்டம் பாய்கிறது. நோயாளியின் தராசுக்கும் முத்திரை வேண்டும். ஊவாவின் அரசாங்க ஆஸ்பத்திரி ஆயினும் தோட்ட மருந்தகம் ஆயினும், ஆண்டுதோறும் கருவிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்பவியலாளர் மலையேறி வரவேண்டும். கொழும்புக்கு அனுப்பிய பொறி திரும்பும் வரை நோய் காத்திராது.

நான்காவது, வாசலில் காவல். 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, விரற்கருவியைப் பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேட்கட்டும்: இதை யாருடைய தோலிற் சோதித்தீர்கள்? மறுமொழி இல்லாத கருவி துறைமுகத்தைத் தாண்டக்கூடாது.

ஐந்தாவது, சம்மதம். ஆராய்ச்சிக்கு உடலைத் தருபவர் கூலியாக நில்லார், குடிமகனாக நிற்பார். எதற்காக எடுக்கிறீர்கள், முடிவு என்ன என்று அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்; எழுத்தில் தர வேண்டும். கங்காணி கைகாட்டி வரிசையில் நிறுத்திய காலம் போயிற்று. அது திரும்பி வரக்கூடாது.

படித்தவர்களுக்கும் உழுபவர்களுக்கும்

தமிழ்ப் பொறியியலாளர்களே, வைத்தியர்களே! உங்களில் எத்தனையோ பேர் கடல் கடந்த நாடுகளில் இத்தகைய கருவிகளைச் செய்கிறீர்கள். எத்தனையோ பேர் இங்கே பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கிறீர்கள். உங்கள் ஆய்வுகூடத்துப் பத்துப் பேர் பட்டியலில் ஊவாவின் கை ஒன்று ஏன் இல்லை என்று கேளுங்கள். கேள்வி கேட்பதற்குப் பட்டம் தடையாகக் கூடாது.

உழவர்களே, தொழிலாளர் தோழர்களே! கருவியின் எண் கடவுள் வாக்கு அன்று. மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது என்று உடல் சொல்லும்போது எண் நன்றாயிருக்கிறதே என்று எவர் திருப்பியனுப்பினாலும், மறுபடி பாருங்கள், குருதியைச் சோதியுங்கள் என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், பணிவோடு கேளுங்கள், ஆனால் விடாமற் கேளுங்கள். மேடை தோறும் மலையக மக்களின் தலைகளை எண்ணி வாக்குக் கேட்கும் தலைவர்களிடமும் கேளுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் கொழுந்தின் நிறைக்கு ஒரு பந்தி எழுதத் தெரிந்தவர்கள், கொழுந்து கொய்பவளின் நாடிக்கு ஒரு பந்தி எழுதட்டும்.

நம் உடலை அறியாத தராசில் நம் உயிரை நிறுக்க இனி ஒப்போம். படிக்கல்லில் நம் பங்கு வந்தே தீரவேண்டும்!